மச்சான் கடையில் வாங்கிய ஷாக் அப்சார்பர்

2009 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். கத்திரி முடிந்து பத்து நாளாகியும் வெயில் முடியவில்லை. இரண்டரைக்கு வர வேண்டிய கடல் காற்று அன்று நாலரைக்குத்தான் வந்தது. வந்ததும் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒன்பது துணிகளில் இரண்டைத் தெருவில் தள்ளியது. அவற்றை எடுக்க நான் கீழே இறங்கியபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் என் மச்சான் தன் புதுக் காரை நிறுத்திக்கொண்டிருந்தான். என் வேட்டியின் மேல் முன்சக்கரம் நின்றிருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய சந்தில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. எனக்கு அறுபத்து நான்கு. கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவன் வந்த காரியம் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அவன் கடை வாசலில் என் காரைப் பின்னால் எடுத்தபோது, தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம் ஒன்று கவிழ்ந்துவிட்டது. இருநூறு லிட்டர் தண்ணீர் கடைக்குள் போய் பிரேக் ஷூ அட்டைப் பெட்டிகளை நனைத்தது. வழக்கமாக டிரம் இருக்கும் இடத்திலிருந்து அன்று இரண்டு அடி தள்ளி வைத்திருந்தார்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. செய்தி அன்றைக்கே பெங்களூரில் இருக்கும் என் மகனுக்குப் போய்விட்டது. "அப்பா, போதும்ப்பா. வண்டிய வித்துடுங்க" என்று போன் செய்தான். என் மனைவியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

என் கார் 1994 மாடல். வெள்ளை, சின்னது, எண்ணூறு சிசி. பதினைந்து வருடத்தில் நான் இடித்தது ஒரு டிரம். அதை விற்றுவிட்டால் பென்ஷன் வாங்கவும், நூலகம் போகவும், முடி வெட்டிக்கொள்ளவும் ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவில் எட்டாவதாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அல்லது யாராவது அழைத்துப் போகும்வரை சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்குக் கார் சாவி, நாளைக்குப் பேங்க் புத்தகம் என்று எண்ணம் ஓடியது.

மச்சான் காபியை வாங்கிக்கொண்டு சொன்னான்: "மாமா, வண்டிய நானே எடுத்துக்கறேன். முப்பதாயிரம். வெளிய போனா இருபத்தஞ்சுக்கு மேல எவனும் தர மாட்டான்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு யார்ரா சொன்னது?"

"யாரும் சொல்லல. டிரம்மு சொல்லுது."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உன்னைவிட நல்லா ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்தான். கடையில் ஒட்டச் சொல்லி மாணவர்கள் கொடுத்தது. சிதம்பரத்துக்கு வெளியே, கீரப்பாளையம் போகும் வழியில் ஒரு மைதானத்தில் ஜூன் 28 அன்று ஆட்டோகிராஸ். அது என்ன என்று கேட்டேன். மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைந்து வளைந்து நட்டுவைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் அவற்றுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கிடுவார்கள். கூம்பு ஒன்றைத் தட்டினால் இரண்டு விநாடி கூட்டுவார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம். அவற்றில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் பரிசுப் பணம் கிடையாது.

"நானும் ஓட்டறேன், நீங்களும் ஓட்டுங்க. நீங்க ஜெயிச்சா இனிமே வண்டி விக்கற பேச்சே கெடையாது. பெங்களூர் மருமகன்கிட்டயும் நானே பேசறேன். நான் ஜெயிச்சா சாவி எனக்கு, முப்பதாயிரம் உங்களுக்கு. இன்னா சொல்றீங்க?"

"சரி" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் வேற வேல இல்ல" என்று என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலையிலேயே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. என் கார் திருப்பத்தில் சாய்கிற கார். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் படகு மாதிரி சரியும். பின்சீட்டில் வைத்த டிபன் கேரியர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால், இறங்கிய பிறகும் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அடங்கும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். என் வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று நானே முடிவுக்கு வந்தேன். சாமான் வாங்க வேண்டும். கடலூரில் என் பழைய மாடலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நான்கு கடையில் கேட்டேன். நான்காவது கடைக்காரர் யோசனை சொன்னார்: "சிதம்பரத்துல ஒரு கடை இருக்குது சார். பழைய வண்டிக்கெல்லாம் அங்கதான் கெடைக்கும்."

அவர் சொன்னது மச்சான் கடையை.

அவனைத் தோற்கடிக்க அவன் கடையிலேயே போய் நிற்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவனுக்கு அந்தக் கூச்சம் எதுவும் இல்லை. வாசலுக்கு வந்து என் காரைச் சுற்றிப் பார்த்தான். குனிந்து டயரைத் தடவினான்.

"மொதல்ல டயர மாத்துங்க மாமா. வழுக்கையா கெடக்குது."

"உன் தலையவிடவா?"

"என் தலைய வச்சி நான் வளைவுல திரும்பறதில்ல. டயரு, அப்புறம் வீல் அலைன்மெண்ட், அப்புறம் இணைப்புல போடற ரப்பர் புஷ்ஷுங்க நாலு. அவ்ளோதான். ஷாக்கு, ஸ்பிரிங்கெல்லாம் இப்ப வேணாம். காசு தண்டம்."

நான் யோசித்தேன். அவன் கடையில் டயர் விற்பதில்லை. சக்கரத்தை நேர்பார்க்கிற அலைன்மெண்ட் மிஷினும் இல்லை. தன் கடையில் இல்லாததை வாங்கச் சொல்லி, இருப்பதை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை. அதுவும் பந்தயத்தில் எதிரில் நிற்கிறவன். ஆகவே டயர் வேண்டவே வேண்டாம், ஷாக் அப்சார்பர்தான் வேண்டும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"கேஸ் அடைச்ச ஷாக் இருக்குல்ல? நாலு எடு" என்றேன்.

"மாமா, நான் இன்னா சொன்னேன்..."

"எடு."

எடுத்தான். அக்காவுக்காகப் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தான். ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பில் போடும்போது அவன் முகம் வாடியிருந்தது. அந்த வாட்டத்தை நான் சரியான சாமானை வாங்கிவிட்டதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 21 அன்று அண்ணாகிராமத்துக்கு, என் மனைவியின் பெரியப்பா மகன் வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். பலா சீசன். அந்த வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்பிவிட முடியாது. காரின் பின்பக்கம் திறந்திருந்தால் அதில் பழம் ஏறிவிடும். மூடியிருந்தால் திறந்து ஏற்றுவார்கள். மூன்று பலாப்பழம் ஏற்றினார்கள். முந்திரிக்கு வைத்திருந்த தராசில் போட்டே கொடுத்தார்கள்: பத்தொன்பது கிலோ, பதினேழு, பதினாறு. பிறகு ஒரு சிப்பம் அரிசி, இருபத்தைந்து கிலோ. எல்லாம் சிதம்பரத்துத் தம்பிக்காம்.

வீட்டுக்கு வந்து இறக்கப் போனேன். என் மனைவி தடுத்தாள்: "ஏங்க, அடுத்த ஞாயித்துக்கெழம சிதம்பரம்தான போறோம்? உங்க முதுகு இருக்கற இருப்புல எறக்கி ஏத்தி... அப்பிடியே கெடக்கட்டும். காயாத்தான் இருக்குது."

அது அப்படியே கிடந்தது. மறுநாள் காரைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் சிகரெட்டை அணைக்காமலே காரைச் சுற்றி வந்தார். பழைய ஷாக் நான்கையும் கழற்றிப் புதியதைப் போடுவது இரண்டு மணி நேர வேலை என்றார். போட்டு முடித்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"சார், ஷாக்கு புதுசு. ஆனா பின்னாடி ஒக்காருதே. ஸ்பிரிங்கு போயிடிச்சி."

நானும் பார்த்தேன். கார் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அளவு நாடாவால் அளந்தேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் குறைவு.

"இதே கம்பெனி வேனுக்குப் போடற ஸ்பிரிங்கு இருக்குது. கெட்டி. அத போட்டா வளைவுல ரயிலு மாதிரி போவும்."

"ரயில் மாதிரியா?"

"தண்டவாளத்துல போற மாதிரி சார். நான் கேரண்டி."

ஜோடி ஆயிரத்து முந்நூற்று எண்பது. போட்டார். மீண்டும் அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே மட்டம், அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எனக்கு அவ்வளவு திருப்தி. டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் கேட்டபோது, பலாப்பழ வாசனை வந்ததாக ஒப்புக்கொண்டார். "கடலூர்ல எந்த வண்டி டிக்கி சார் காலியா இருக்குது? ஒண்ணு சிமெண்டு இருக்கும், இல்ல தேங்கா இருக்கும். நெரந்தரமா இருக்கறதுன்னு நெனச்சேன்."

ஜூன் 28 காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. கார் சாயவில்லை. குதிக்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கி உடனே அடங்கியது. பழங்கள் மட்டும் ஆறு நாள் டிக்கி வெயிலில் பழுத்து, கண்ணாடி இறக்காமல் உட்கார முடியாதபடி மணத்தன. நான் விசில் அடித்தேன்.

"வயசான காலத்துல விசிலு வேற" என்றாள் என் மனைவி. ஆனால் வண்டி நன்றாகப் போகிறது என்று அவளும் சொன்னாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் என் வண்டி எதையும் அவள் பாராட்டியதில்லை.

மைதானத்தில் பதினாறு கார்கள் நின்றன. ஓட்டுபவர்களில் பதினான்கு பேர் என் மகனைவிடச் சின்னவர்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையில் அட்டையோடு ஒரு மாணவி ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், டிக்கிய தொறங்க. லூசா எதுவும் இருக்கக்கூடாது."

திறந்தேன். அவள் இரண்டு அடி பின்வாங்கினாள். பிறகு கத்தினாள்: "டேய், இங்க வாங்கடா! பலாப்பழம்!"

ஐந்தாறு பையன்கள் வந்து மூன்று பழத்தையும் அரிசியையும் இறக்கி வேலியோரம் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றாக இறங்க இறங்க, என் கண் முன்னாலேயே கார் பின்பக்கத்தைத் தூக்க ஆரம்பித்தது. கடைசியாக அரிசிச் சிப்பம் இறங்கியபோது, முன்னால் குனிந்து தரையை மோந்து பார்க்கிற ஆடு மாதிரி நின்றது. எழுபத்தேழு கிலோ. அதை நான் அப்போதுதான் கூட்டினேன்.

மச்சான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "இன்னா மாமா, வண்டி கும்புடு போடுது?"

"அது பந்தய ஸ்டைல்" என்றேன்.

என் முதல் ஓட்டத்தை விவரிக்க விருப்பமில்லை. முதல் மூன்று கூம்புவரை சரி. நான்காவதில் திருப்பினேன், முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் தன் போக்கில் வேறு எங்கோ போனது. காலியான பின்பக்கத்தில் அந்தக் கெட்டி ஸ்பிரிங் அமுங்கவே இல்லை. சக்கரம் தரையைத் தொட்டுத் தொட்டுக் குதித்தது. வழுக்கை டயர் மண்ணில் சறுக்கியது. வண்டி அரை வட்டம் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று கூம்பு. எழுபத்தொன்று புள்ளி நாலு விநாடி, அதோடு ஆறு சேர்த்து எழுபத்தேழு புள்ளி நாலு.

மச்சான் முதல் ஓட்டத்தில் ஒரே கூம்பைத் தட்டி, அதையும் சேர்த்து எழுபது புள்ளி இரண்டு எடுத்தான். இறங்கி வந்து என் கையை ஆதரவாகப் பிடித்தான். அவன் பிடித்தது சாவி இருந்த கையை.

"இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு" என்றேன்.

மாணவியிடம் போய், பழத்தைத் திரும்ப டிக்கியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள். அரிசி மட்டும்? கூடாது. "ஆள் வேணா ஒருத்தர் ஒக்காரலாம் அங்கிள். பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கணும்."

பின்சீட்டில் பெல்ட் உண்டு, பேரனுக்காக மாட்டியது. ஆள்? சுற்றிப் பார்த்தேன். பையன்கள் எல்லாம் ஐம்பத்தைந்து, அறுபது கிலோவுக்கு மேல் இல்லை. வேலியோரம் பழங்களுக்குக் காவலாக என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பின்னாடி கொஞ்சம் வெயிட்டு இருந்தா வண்டி அடங்கும்..." என்றேன்.

அவள் பழங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அதுக்குப் பதிலா நானா?"

"அப்பிடி இல்ல..."

"வேற எப்பிடி?"

அவள் எழுந்தாள். "வரேன். நீங்க ஓட்டறத நானே உள்ள ஒக்காந்து பாத்துடறேன். எனக்குப் பயமா இருந்திச்சின்னா, கேளுங்க, எறங்கின ஒடனே சாவிய நானே அவன் கையில குடுத்துடுவேன்."

மல்லிகைப் பூவைக் கழற்ற மறுத்துவிட்டதால் ஹெல்மெட் பாதிதான் இறங்கியது. அவள் ஏறி உட்கார்ந்ததும் கார் மெதுவாகப் பெருமூச்சு விட்டுச் சமமாக நின்றது. அளக்கத் தேவையிருக்கவில்லை. அவள் எடையை நான் கேட்டதில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

கொடி இறங்கியது.

"மெதுவா!" என்றாள்.

நான் பிரேக்கை அழுத்தினேன். பழக்கம். முதல் கூம்பைச் சுற்றி வண்டி ஒட்டினாற்போல் திரும்பியது. "இப்ப போங்க, அதான் வழி இருக்குதே!" மிதித்தேன். "மெதுவா, மெதுவா, எதுர கூம்பு!" மீண்டும் பிரேக். "சோத்துக்கைப் பக்கம்! சோத்துக்கை!" நான் அதுவரை இடது பக்கம்தான் போகப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவள் அலற, நான் வேகத்தைக் குறைக்க, குறைத்ததால் கார் நேராக வெளியே வர, வந்ததும் அவள் "என்னா தூங்கறீங்களா?" என்று கேட்க, மிதிக்க வேண்டியதாயிற்று. சிதம்பரம் போய்வரும் வழியெல்லாம் இதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். அதற்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு கூம்புகூட விழவில்லை. அறுபத்தேழு புள்ளி ஒன்பது.

பையன்கள் கை தட்டினார்கள். என் மனைவி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, பூவைச் சரிசெய்துகொண்டாள். சாவியை அவள் கேட்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணில் மட்டும் கல்யாணப் பந்தியில் கடைசி வடையைப் பிடித்த ஆளின் பளபளப்பு.

மச்சான் இரண்டாவது ஓட்டத்தில் பறந்தான். அறுபத்தைந்து புள்ளி எட்டு என்றான் ஸ்டாப்வாட்ச் பையன். பிறகு ஓடிப் போய்க் கூம்புகளைப் பார்த்தவன் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு கூம்பு, நாலு விநாடி. அறுபத்தொன்பது புள்ளி எட்டு.

"ஒண்ணு புள்ளி ஒம்போது" என்று நான் அவனிடம் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

அவன் சண்டை போடவில்லை. வியாபாரி. "ஒத்துக்கறேன் மாமா. வண்டி உங்களுது. நான் மருமகன்கிட்ட பேசறேன்." பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு. அக்கா இல்லாம ஓட்டினப்ப வண்டி சுத்திச்சி. அக்கா இருந்தப்ப ஒழுங்கா போச்சி. அத மட்டும் யோசிங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அவன் சொல்றது ஞாயந்தான? வண்டி இருக்கட்டும். நான் இல்லாம இனிமே எடுக்கக்கூடாது."

"இது பந்தயத்துல இல்ல" என்றேன்.

"வெயிட்டுக்கு என்னய ஏத்தினதும் பந்தயத்துல இல்ல."

மச்சான் வேலியோரம் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது.

அன்று மாலை மூன்று பழத்தில் ஒன்றை மைதானத்திலேயே அறுத்தோம். கையில் தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் பதினெட்டு ரூபாய். அதையும் நான்தான் கொடுத்தேன். மச்சான் நான்கு சுளை தின்றுவிட்டு, கையை வழித்துக்கொண்டே மறுபடி என் டயரைத் தடவிப் பார்த்தான். "இப்பவாச்சும் மாத்துங்க மாமா. அக்கா ஒக்கார்ற வண்டி." இந்த முறை எனக்கு அவனைச் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. கடலூர் வந்ததும் நான்கு டயர் போட்டேன், அலைன்மெண்ட் பார்த்தேன், புஷ் மாற்றினேன். அவன் முதல் நாள் சொன்ன மூன்றும்.

கெட்டி ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். அவர் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். தள்ளி நின்று காரையும் பார்த்தார்.

"எதுக்கு சார்? அம்மா ஒக்காந்தா லெவலாத்தான நிக்குது. அவுங்க எப்பவும் வருவாங்கல்ல?"

வருகிறாள். பென்ஷனுக்கு வருகிறாள், நூலகத்துக்கு வருகிறாள். சலூனுக்கு வந்து வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து, நான் வெளியே வந்ததும் பின்னந்தலையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்கிறாள். முன்சீட்டுக்கு வாயேன் என்று ஒரு தடவை கூப்பிட்டேன். வண்டி சுத்திடும் என்றாள். அந்த ஸ்பிரிங்கில் வெறும் சீட்டு இடுப்பைக் குத்துகிறது என்று இலவம் பஞ்சு மெத்தை ஒன்றும் வாங்க வைத்தாள், இருநூற்று இருபது ரூபாய்.

ஷாக், ஸ்பிரிங், கூலி, நுழைவுக் கட்டணம், ஹெல்மெட், டயர், அலைன்மெண்ட், புஷ், அன்றைய பெட்ரோல், தேங்காய் எண்ணெய், மெத்தை எல்லாம் சேர்த்து, என் காரை நானே வைத்துக்கொள்ள எனக்கு ஆனது பதினேழாயிரத்து ஐம்பத்தொரு ரூபாய்.